அழுத்தியவன் பெயர் இல்லாத சொற்கள்

'டிப்ரெஸ்டு' என்ற ஆங்கிலச் சொல்லைச் சொன்னால் இன்றைக்குக் காலேஜ் போகிற பிள்ளைகளுக்கு மனசு சரியில்லாத நிலைதான் ஞாபகம் வரும். 'ரெண்டு வாரமா ஒரே டிப்ரெஷன்ணா' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். நூறு வருசத்துக்கு முன்னால் அந்தச் சொல் சர்க்கார் தாள்களில் நம்முடைய பெயர். டிப்ரெஸ்டு கிளாசஸ். பறையர், பள்ளர், அருந்ததியர், மகர், சமார் என்று தேசம் பூராவும் ஊருக்கு வெளியே கிடந்த சனங்களை ஒரே கட்டாகக் கட்டி மேலே ஒட்டிய சீட்டு அது. 1906இல் பம்பாயில் வி.ரா. ஷிண்டே தொடங்கிய அமைப்புக்கும் டிப்ரெஸ்டு கிளாசஸ் மிஷன் என்றுதான் பெயர்.

ஒரு சனத்தின் பெயராக இருந்தது தனி ஆளின் மனக்கோளாறுக்குப் பெயராகிப் போனதில் யாருடைய சதியும் இல்லை. இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றுதான். கீழே போட்டு அழுத்துவதைக் குறிக்கிற லத்தீன் வினைச்சொல் அது. மனநோய் என்பது மெய்யான நோய், அதற்கு மருத்துவம் வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு சொல் தெருவிலிருந்து மண்டைக்குள் குடிபோகும்போது எதையெல்லாம் வெளியே விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அழுத்தினவன் எங்கே போனான்?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். என் கையில் இருக்கிற ஆயுதம் இலக்கணம் ஒன்றுதான். 'தாழ்ந்தான்' என்பது தன்வினை. தானாகத் தாழ்ந்தான், கதை முடிந்தது. 'தாழ்த்தினான்' பிறவினை. இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், தாழ்த்தினவன் ஒருவன், தாழ்ந்துபோனவன் ஒருவன். 'தாழ்த்தப்பட்டான்' செயப்பாட்டுவினை. இதில் செய்தவன் பேர் சொல்லாமல் ஓடிவிடலாம். ஆனால் அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாகக் கண்ணில் படும். யாரால்? என்று கேட்க வாய் இருக்கிறது. 'தாழ்ந்தவர்' என்பதற்கும் 'தாழ்த்தப்பட்டவர்' என்பதற்கும் நடுவே ஒரு எழுத்து வித்தியாசமல்ல, ஒரு நூற்றாண்டுச் சண்டை இருக்கிறது. ஆங்கிலத்திலும் அதே சண்டை நடந்தது. நடத்தினவர்கள் நம் ஆட்கள்.

எம்.சி. ராஜா ஆசிரியர் வேலை பார்த்தவர். 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினவர். 1925இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பு 'தி ஒப்ரெஸ்டு இந்துஸ்'. டிப்ரெஸ்டு இல்லை, ஒப்ரெஸ்டு. அகராதியில் இரண்டும் பங்காளிகள்தான். ஆனால் ஒப்ரெஸ்டு என்றால் ஒடுக்குகிறவன் இல்லாமல் வாக்கியம் நிற்காது. டிப்ரெஸ்டு என்று சொல்லிவிட்டு அவன் எப்பவுமே அப்படித்தான் என்று போய்விடலாம். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தர் சர்க்கார் அகராதியைத் திருத்திய இடம் இது.

1931இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துணை விண்ணப்பத்திலும் பெயர்ச் சண்டை உண்டு. டிப்ரெஸ்டு கிளாசஸ் என்ற பெயரை எங்கள் சனங்களே ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, மாற்றுப் பெயர்களையும் கொடுத்தார்கள். சாதியற்ற இந்துக்கள், புராட்டஸ்டண்ட் இந்துக்கள், நான்-கன்ஃபார்மிஸ்ட் இந்துக்கள். இந்து என்ற வாலை அம்பேத்கர் பிறகு அறுத்தெறிந்தது வேறு கதை. நான் பார்ப்பது வினையை. புராட்டஸ்டண்ட் என்றால் எதிர்த்துச் சொல்கிறவன். நான்-கன்ஃபார்மிஸ்ட் என்றால் ஒத்துப்போகாதவன். செயப்பாட்டுவினையிலிருந்து செய்வினைக்கு வந்துவிட்டார்கள். அழுத்தப்பட்டுக் கிடந்தவன் எழுந்து எழுவாய் ஆகிறான். சர்க்கார் அந்தப் பெயர்களை எடுத்துக்கொள்ளவில்லை. 1935 சட்டத்தில் 'ஷெட்யூல்டு' என்று பட்டியல் போட்டு முடித்தது.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் சொல்லிக் கொடுக்கிறோம். இன்ஜினியரிங், நர்சிங், பி.காம். படிக்கிற பிள்ளைகள், படித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகள். போன வருசம் ஒரு பெண் தன் கல்லூரியில் கொடுத்த கையேடு ஒன்றைக் கொண்டுவந்தாள். வேலைக்கு நேர்காணல் போகிறவர்களுக்கான சொற்களாம். மைண்ட்செட், குரோத், கிரிட், ரெசிலியன்ஸ், செல்ஃப்-எஸ்டீம், பாசிட்டிவ் ஆட்டிட்யூட், கம்ஃபர்ட் சோன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வாக்கியம், ஒரு மலை உச்சிப் படம். பயிற்சி கொடுக்க வந்தவர் 'கம்ஃபர்ட் சோனை விட்டு வெளியே வாங்க' என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். 'நம்ம வீட்ல கம்ஃபர்ட் எந்த ரூம்ல கீதுன்னு கேக்கலாம்னு இருந்தேண்ணா, வீடே ஒரு ரூமுதான்' என்றாள். கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமாச்சு.

சிரித்துவிட்டுப் போகிற விசயமில்லை. அந்தக் கையேட்டில் இருக்கிற வினையெல்லாம் தன்வினை. நீ மாறு, நீ வளர், நீ மீண்டெழு. உன்னை யாராவது எதையாவது செய்தார்களா என்று ஒரு இடத்திலும் கேள்வி கிடையாது. எங்கள் தோழர்களில் சிலர் 'இதெல்லாம் முதலாளித்துவக் குப்பை, தூக்கிப் போடு' என்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். வேலை கொடுக்கிறவன் அந்தச் சொற்களில்தான் கேள்வி கேட்கிறான். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும். அதோடு, இந்தச் சொற்கள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. அதைத்தான் தேடிப் படித்தேன்.

சுயமுன்னேற்றப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டன் என்று 1859இல் வந்த 'செல்ஃப்-ஹெல்ப்' என்ற புத்தகத்தைச் சொல்வார்கள். எழுதினவர் சாமுவேல் ஸ்மைல்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். ஒரே வருசத்தில் இருபதாயிரம் பிரதி விற்றது. 1871இல் ஜப்பானிய மொழிக்குப் போய் அங்கேயும் பிரமாதமாக ஓடியது. ஏழ்மைக்கு மருந்து உழைப்பும் ஒழுக்கமும் சிக்கனமும்தான், சட்டம் போட்டு ஒருத்தனை முன்னேற்ற முடியாது என்பது அதன் சாரம்.

ஆனால் அந்தப் புத்தகம் எங்கே முளைத்தது என்பதை ஸ்மைல்ஸே முன்னுரையில் சொல்கிறார். லீட்ஸ் என்கிற மில் ஊர். ஏழைப் பையன்கள் இரண்டு மூன்று பேர் குளிர்காலத்து ராத்திரிகளில் ஒருத்தர் வீட்டில் கூடி, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆள் சேர்ந்தது. வெயில் காலத்தில் தோட்டத்தில் உட்கார்ந்தார்கள். திரும்பக் குளிர் வந்தபோது இடம் வேண்டுமே? முன்பு காலரா ஆஸ்பத்திரியாக இருந்ததால் யாரும் வாடகைக்கு எடுக்கப் பயந்து கிடந்த ஒரு கூடம் மலிவாகக் கிடைத்தது. அதில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம். அங்கேதான் 1845இல் ஸ்மைல்ஸைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் புத்தகம்.

இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அப்போது மியூச்சுவல் இம்ப்ரூவ்மென்ட் சங்கங்கள் என்று பெயர். பரஸ்பர முன்னேற்றம். ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிடுவது. ஸ்மைல்ஸும் அந்தப் பேச்சுக்கு முன்பு லீட்ஸ் டைம்ஸ் பத்திரிகை ஆசிரியராக இருந்து உழைப்பாளிகளுக்கு ஓட்டுரிமை வேண்டுமென்று எழுதினவர்தான். பதினாலு வருசம் கழித்துப் புத்தகம் அச்சாகி வரும்போது 'பரஸ்பரம்' போய் 'சுயம்' வந்து உட்கார்ந்துகொண்டது. காலராக் கூடத்துப் பையன்கள் முன்னுரையோடு நின்றுபோனார்கள். உள்ளே பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகள். நம்மூர்களில் எழுபது எண்பதுகளில் சேரித் திண்ணைகளில் நடந்த இரவுப் பாடசாலைகளை நினைத்துக்கொண்டேன். ஒரே அரிக்கேன் விளக்கு, எட்டாவது படித்தவன் ஐந்தாவது படிக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அதில் படித்து ஆபீசர் ஆனவர்கள் இன்றைக்குப் பேட்டி கொடுக்கும்போது 'என் விடாமுயற்சி' என்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றினவன் பேர் யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதே 1859இல் அமெரிக்காவில் ஒருத்தர் 'செல்ஃப்-மேட் மென்' என்ற தலைப்பில் பேசத் தொடங்கினார். ஃபிரெடரிக் டக்ளஸ். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி ஓடியவர். தன்னைத் தானே உருவாக்கிக்கொண்டவன் என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒருத்தனுக்குத் தகுதி உண்டென்றால் அது அவருக்குத்தான். அவர் எடுத்த எடுப்பில் சொன்னது, சரியாகப் பார்த்தால் அப்படி ஒரு மனிதனே கிடையாது என்பது. முன்னால் இருந்தவர்களும் கூட இருக்கிறவர்களும் இல்லாமல் எவனும் உண்டாவதில்லை என்றார். உழைப்பை உயர்த்தியும் பேசினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயிரம் வருசத்துச் சொத்தோடு ஓடுகிறவன் பக்கத்தில் வெறுங்கையோடு ஒருத்தனை நிறுத்தி ஓடச் சொல்வது நியாயமான பந்தயம் ஆகாது என்பதையும் அதே பேச்சில் வைத்தார். கையேடு அச்சடிக்கிறவர்கள் உழைப்பை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

சொல் படிப்பது பற்றி டக்ளஸிடம் ஒரு சம்பவம் உண்டு. 1845இல் வெளிவந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். எங்கள் வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். பால்டிமோரில் எசமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எசமான் தடுத்தான். எழுத்துத் தெரிந்தால் அடிமை அடிமைத்தனத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடுவான் என்றான். பையன் அப்போதே புரிந்துகொண்டான், எதைத் தடுக்கிறானோ அதில்தான் விசயம் இருக்கிறது என்று. தெருவில் பசியோடு திரிந்த வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்தை வாங்கினான். அப்படியிருக்கையில் 'அபாலிஷன்' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. எங்கேயாவது அடிமை ஓடிப்போனால், எசமானைக் கொன்றுவிட்டால், கொட்டகைக்குத் தீ வைத்துவிட்டால், இது அபாலிஷனின் வேலை என்று துரைமார்கள் சொல்கிறார்கள். அகராதியைப் புரட்டினான். 'அபாலிஷ் செய்யும் செயல்' என்று போட்டிருக்கிறது. எதை ஒழிப்பது? அகராதி சொல்லவில்லை. யாரிடமாவது கேட்கவும் பயம். பல நாள் கழித்து ஒரு பத்திரிகையில், தலைநகரத்தில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டுமென்று வடக்கே இருந்து மனுக்கள் வந்த செய்தியைப் படித்தபோதுதான் சொல்லின் பொருள் விளங்கியது.

அந்தச் சொல்லைக் கேட்டு யார் முகம் சுளிக்கிறான், எவன் பயப்படுகிறான் என்பதை வைத்தே பாதிப் பொருளைப் பிடித்துவிட்டான் அந்தப் பையன். மீதியைப் போராட்டச் செய்தி சொல்லிக்கொடுத்தது. எழுத்தாலும் பேச்சாலும் பல்கலைக்கழகங்களே வியந்த மனிதர் சொல் படித்த முறை இது.

இப்போது 'மைண்ட்செட்' டுக்கு வருகிறேன். இது ஒன்றும் பழைய சொல் இல்லை, 20ஆம் நூற்றாண்டில் பரவியது. இன்றைக்குக் கல்லூரிக் கல்லூரியாகச் சுற்றுவதற்குக் காரணம் கரோல் ட்வெக் என்கிற உளவியல் பேராசிரியை 2006இல் எழுதிய புத்தகம். அறிவும் திறமையும் பிறப்போடு வந்து முடிந்துபோன சமாச்சாரம் என்று நினைக்கிறவனுக்கு இறுகிய மனம், ஃபிக்ஸ்டு மைண்ட்செட். படித்துப் பழகி வளர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவனுக்கு வளரும் மனம், குரோத் மைண்ட்செட். அம்மையார் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. பிறப்பால் அறிவு வராது என்று சொல்கிற எந்தக் கோட்பாடும் நமக்குப் பகை கிடையாது. ஒரு விதத்தில் அது நாம் ரெண்டாயிரம் வருசமாகச் சொல்லிவருவதுதான்.

கேள்வி வேறே. அந்த இறுகிய மனம் எங்கே தயாரானது? மாணவன் மண்டையிலா?

பாரிசில் ஆல்ஃபிரட் பினே என்பவர் 1905இல் முதல் அறிவுத் தேர்வை உண்டாக்கினார். பள்ளியில் பின்தங்கிய குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுப்பதற்காக. ஒருவனின் அறிவு ஒரு அளவோடு நின்றுவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. 1909இல் எழுதிய புத்தகத்தில் அந்த அவநம்பிக்கையை எதிர்த்தே எழுதினார். 1911இல் செத்துப்போனார். தேர்வு கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. 1916இல் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். அறிவு பரம்பரையாக வருவது, கறுப்பருக்கும் மெக்சிகருக்கும் அது குறைவு, அவர்கள் பிள்ளை பெறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நினைத்த ஆள் அவர். 1917 தொடங்கிப் பட்டாளத்துக்கு வந்த பதினேழு லட்சம் பேருக்கு அந்த வகைத் தேர்வு வைத்தார்கள். மார்க்கைப் பார்த்து இன்ன இனம் மேல், இன்ன இனம் கீழ் என்று அடுக்கினார்கள். டெர்மன் இருந்த இடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். தொண்ணூறு வருசம் கழித்து ட்வெக் புத்தகம் எழுதியபோது இருந்ததும் அதே ஸ்டான்ஃபோர்டுதான். இறுகிய மனத்தை அச்சடித்து ஊர் பூராவும் அனுப்பிய வளாகத்திலிருந்தே அதற்கு மருந்தும் வந்திருக்கிறது. ஆனால் மருந்துச் சீட்டில் நோயாளி பெயர் மட்டும் மாறிவிட்டது. அளந்தவனுக்குக் கொடுக்க வேண்டியதை அளக்கப்பட்டவனுக்குக் கொடுக்கிறார்கள்.

இது என் பொல்லாப்பு இல்லை, ஆராய்ச்சியே சொல்கிறது. 2019இல் அமெரிக்காவில் சுமார் பன்னிரண்டாயிரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் குரோத் மைண்ட்செட் பாடத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம். மார்க் குறைவாக வாங்குகிற பிள்ளைகளுக்கு நாலு புள்ளி அளவுகோலில் சராசரியாக 0.10 புள்ளி ஏறியது. அதுவும் கூடப் படிக்கிற பிள்ளைகள் முயற்சியை மதிக்கிற பள்ளிகளில் நன்றாக நின்றது, மற்ற இடங்களில் இல்லை. அதே 2019இல் இன்னொரு ஆய்வு. இது கல்லூரியில், 150 பேராசிரியர்கள், பதினையாயிரம் மாணவர்கள். அறிவு மாறாது என்று நம்புகிற பேராசிரியரின் வகுப்பில் இனங்களுக்கு இடையே உள்ள மார்க் இடைவெளி, அப்படி நம்பாதவரின் வகுப்பைப் போல இரண்டு மடங்கு வரை இருந்தது. அப்படியானால் மைண்ட்செட் வகுப்பு முதலில் யாருக்கு நடத்த வேண்டும்? நம் கல்லூரிகளில் வாத்தியார்களைக் கூட்டி உட்காரவைத்து அப்படி ஒரு வகுப்பு நடத்தினதாக நான் கேள்விப்பட்டதில்லை. 'கோட்டாவுல வந்ததுதானே' என்று அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே சொல்கிற வாத்தியாரிடம் படித்தவன் நான். பேர் வேண்டாம். அந்த மாதிரி ஆள் ஒருத்தர் இல்லையே.

இரட்டைமலை சீனிவாசன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். நானூறு மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக மற்றவரெல்லாம் பார்ப்பனப் பிள்ளைகள். சிநேகம் பண்ணினால் சாதியும் வீடும் தெரிந்துபோகும், தெரிந்தால் கேவலமாக நடத்துவார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். விட்டதும் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடப்பாராம். கூடி விளையாட முடியவில்லையே என்று மனம் கலங்கி, இந்த இடுக்கண்ணை எப்படி மேற்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததையும் எழுதுகிறார்.

இந்தப் பையனை இன்றைக்கு அந்தப் பயிற்சிக்காரர் முன்னால் நிறுத்துங்கள். இன்ட்ரோவர்ட். கம்யூனிகேஷன் ஸ்கில் கம்மி. கான்ஃபிடென்ஸ் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசு தம்பி. பையனுடைய நடை வேகத்தை அளப்பார்கள், துரத்துகிறவனைப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பையன் 1893இல் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை நடத்தினான். மறைத்து வைத்த பெயரைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டான். அது எந்த மைண்ட்செட் வகுப்பில் படித்தது?

அனிதாவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர்ப் பெண். மூட்டை தூக்குகிறவர் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட் என்று ஆட்டத்தின் விதியை நடுவில் மாற்றினார்கள். அந்தப் பெண் உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் நின்றாள். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி நாம் அவளை இழந்தோம். அப்போதும் மன உறுதி போதவில்லை என்று பேசினவர்கள் இருந்தார்கள். டெல்லி வரைக்கும் போய் வழக்காடின பதினேழு வயசுப் பெண்ணுக்கு எது போதவில்லை? கிரிட் என்ற சொல்லைக் கையேட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நம்மைத் தூக்கிவிட வந்தவர்களின் சொல் ஒன்றையும் பார்த்துவிடலாம். 'அப்லிஃப்ட்'. உயர்த்துதல். அன்னி பெசன்ட் 1909இல் இண்டியன் ரிவ்யூவில் டிப்ரெஸ்டு கிளாசஸை உயர்த்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைமுறை தலைமுறையாகக் கெட்ட தீனியும் சாராயமும் ஊறின உடம்பு, நாற்றமுள்ள உடம்பு, சில தலைமுறை சுத்த உணவு தின்ற பிறகுதான் மேல்குலத்துப் பிள்ளைகளின் பக்கத்தில் வகுப்பில் உட்காரலாம் என்பது அம்மையாரின் வாதம். அம்பேத்கர் காங்கிரசையும் காந்தியையும் பற்றி 1945இல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாக எடுத்துப் போட்டு அம்பலப்படுத்தினார். முதலில் நீ திருந்து, பிறகு கதவைத் திறக்கிறோம். அன்றைக்கு உடம்பு, இன்றைக்கு மனசு.

வேடிக்கை என்னவென்றால் இதே பெசன்ட் அம்மையார் 1888இல் லண்டனில் தீப்பெட்டி ஆலைப் பெண்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவர். அந்த வருசம் சோசியல் டெமாக்ரடிக் ஃபெடரேஷனில் சேர்ந்தார். அந்த அமைப்பின் முழக்கம் மூன்று சொல். எஜுகேட், ஆஜிடேட், ஆர்கனைஸ். கடல் தாண்டி அடையாறுக்கு வந்தபோது அம்மையார் அதை எடுத்துவரவில்லை. எடுத்துவந்தவர் அம்பேத்கர். 1942 ஜூலையில் நாகபுரியில், நம்ம சென்னை என். சிவராஜ் தலைமையில் நடந்த டிப்ரெஸ்டு கிளாசஸ் மாநாட்டில் அந்த மூன்று சொல்லைத் தம் மக்களுக்குக் கொடுத்தார்.

இந்த மூன்று சொல் தமிழுக்கு வந்த கதையில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சுவர்களில் 'கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்' என்று எழுதியிருக்கிறோம். எஜுகேட் என்பதற்குக் 'கல்' என்று போடாமல் 'கற்பி' என்று போட்டது அருமையான வேலை. கல் தன்வினை, கற்பி பிறவினை. காலராக் கூடத்துப் பையன்கள் செய்ததும் அரிக்கேன் விளக்கில் நடந்ததும் கற்பித்தல்தான். ஆனால் ஆஜிடேட்டை நடுவிலிருந்து எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோய்ப் புரட்சி ஆக்கிவிட்டோம். ஆஜிடேட் என்றால் கிளறுவது, கலக்குவது, அமைதியாகத் தேங்கினதை அசைப்பது. வெளியே நடக்கிற கிளர்ச்சிக்கும் பேர் அதுதான், உள்ளே மனசு கொந்தளிப்பதற்கும் பேர் அதுதான். எது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டும் சம்மதம். ஆனால் வரிசை முக்கியம். கற்பித்தால் மனசு கலங்கும், கலங்கினவர்கள்தான் கூடுவார்கள். கோயம்புத்தூரில் மணி அடிக்கக் காத்திருந்த பையனுக்கு வந்தது அந்தக் கலக்கம்தான். அதைக் குணப்படுத்தி அனுப்பியிருந்தால் 'பறையன்' பத்திரிகை வந்திருக்குமா?

அம்பேத்கர் அந்தப் பேச்சில் உங்கள்மேல் நம்பிக்கை வையுங்கள் என்றும் சொல்கிறார். மைண்ட்செட் கையேட்டுக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும். அடுத்து அவர் சொன்னதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தப் போர் சொத்துக்கோ பதவிக்கோ இல்லை, மனித ஆளுமையை மீட்டெடுப்பதற்கு என்றார். ஆளுமை, பெர்சனாலிட்டி. 'பெர்சனாலிட்டி டெவலப்மென்ட்' என்று போர்டு மாட்டிய கடைகள் இன்றைக்கு ஜில்லா தலைநகரம்தோறும் உண்டு. அங்கே ஆளுமை இல்லாதவன் போய்க் காசு கொடுத்து வளர்த்துக்கொள்கிறான். அம்பேத்கர் வளர்ப்பது என்று சொல்லவில்லை, மீட்பது என்றார். பறித்துக்கொண்டு போனதைத்தான் மீட்க முடியும். பறித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று அந்த ஒரு வினையே சாட்சி சொல்லிவிடுகிறது.

2010இல் உத்திரப் பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார்கள். சந்திரபான் பிரசாத் முன்னின்றார். அந்தத் தேவி கையில் பேனா, காலுக்குக் கீழே கம்ப்யூட்டர். தேவி என்று ஒன்றைக் கும்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை, ஆனால் அந்தப் பசி எனக்குத் தெரியும். எங்கள் கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிற பையனுக்கும் அந்தப் பசிதான். அவனிடம் போய் ஆங்கிலம் ஏகாதிபத்திய மொழி என்று சொல்ல நான் தயாரில்லை. சொல்கிறவர் பிள்ளைகள் கான்வென்டில்.

ஆகவே கையேட்டுச் சொற்களை நாங்கள் விடவில்லை. உச்சரிப்பு, எழுத்து, நேர்காணலில் எப்படிச் சொல்வது, எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். கூடவே சொல்லுக்குச் சொல் வினையைப் பிரிக்கச் சொல்கிறோம். 'மைண்ட்செட்'டை எடுத்தபோது இன்ஜினியரிங் பையன் ஒருத்தன், 'செட்டுன்னா செட் பண்ணதுதானேண்ணா, அப்ப யார் செட் பண்ணாங்க?' என்றான். இலக்கணம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகப் பிடித்தான். 'ரெசிலியன்ஸ்' வந்தபோது அவனே, அது வளைந்த கம்பி பழைய நிலைக்குத் திரும்புகிற குணத்துக்கும் பேர் என்றான். 'பழைய நிலைக்கு எதுக்குடா திரும்பணும், அங்கதான நம்மள வச்சிருந்தாங்க' என்று பின்னாலிருந்து நர்சிங் பெண் கேட்டாள். அந்தச் சொல்லோடு அன்றைய வகுப்பு முடியவில்லை, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் போனது.

அடுத்து 'மெரிட்' எடுத்து வைத்திருக்கிறோம். 'மெரிட்டாக்ரசி' என்ற சொல்லை ஊரறியச் செய்தது 1958இல் மைக்கேல் யங் என்கிற ஆங்கிலேயர் கேலியாக எழுதிய ஒரு புத்தகம். தகுதி, திறமை என்று சொல்லிக்கொண்டே ஒரு புது மேல்சாதி எப்படி உண்டாகும் என்று எச்சரிக்க எழுதினார், அதைப் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று கடைசிக் காலத்தில் அவரே நொந்து எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது முடியாது, இரண்டு மூன்று வாரமாவது ஆகும்.